கறுப்பாக வந்த ஓடை

ஒரு பங்குனி மாதக் காலையில், மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் கறுப்புத் துணுக்குகள் விழுந்து கிடந்தன. தட்டிவிட்டால் போய்விடும் என்று தட்டினேன். அவை பொடிந்து, மை இழுத்ததுபோல் துணியில் கோடாகிவிட்டன. ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அன்று இதே கதைதான். பக்கத்து மாடிகளில் நின்றவர்கள் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையின் தெற்குச் சரிவில் புகை எழுந்துகொண்டிருந்தது. காட்டில் தீப்பிடித்திருந்தது.

பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போனேன். அங்கே வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. சாம்பல் விழுந்ததா என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மாலையில் வீடு திரும்பியபோது எங்கள் தெருவிலும் காற்று சுத்தமாக இருந்தது. புகை மலைமீது ஏறி அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் சட்டைகளில் கரி. பகலெல்லாம் காணாமல் போகிற சாம்பல் விடிந்ததும் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இத்தனைக்கும் இதைத்தான் நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். நான் படித்தது வரலாறு. ஆனால் சமூக அறிவியல் ஆசிரியை என்று வேலைக்கு வந்துவிட்டால் புவியியலையும் சேர்த்தே நடத்த வேண்டும். நிலம், நீர், காற்று, உயிர்கள் என்று கரும்பலகையில் நான்கு வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி இழுப்பேன். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே இறங்கும். பகலில் சரிவு சூடாகி, காற்று மேலே ஏறும். இரண்டு மதிப்பெண் கேள்வி. அதுதான் என் வீட்டு மாடியில் நடந்துகொண்டிருக்கிறது என்பது, நாலைந்து நாள் சட்டைகளைத் திரும்பத் திரும்பத் துவைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தீ ஒருவழியாக அணைந்தது. வனத்துறை ஆட்கள் அணைத்தார்கள் என்றும், எரிய வேண்டியது எரிந்து தானாக அடங்கியது என்றும் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். நாங்கள் மறந்துவிட்டோம்.

என் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவருடைய அப்பா விட்டுப்போன ஒரு சிறிய மாந்தோப்பு இருக்கிறது. ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம், தோப்பை ஒட்டி ஓடும் ஒரு ஓடை. பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கட்டில், பெட்டி, பூட்ஸ் எல்லாம் அதனதன் இடத்தில் வைத்துப் பழகிய மனிதர் தோப்பையும் அப்படியே ஆக்கப் பார்த்தார். மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மோட்டார் ரூமைக் காலி செய்து வெள்ளையடித்தார்.

எங்களுக்குக் கீழே, அதே ஓடையை நம்பி ஒரு அக்காவின் நிலம் இருந்தது. கணவர் இறந்த பிறகு தனியாகவே விவசாயம் பார்த்து, பால்மாடும் வளர்ப்பவர். எங்களிடம் தமிழில் பேசுவார். மாடுகளிடம் தெலுங்கில் பேசுவார். என்னை டீச்சர் என்பார். நான் அக்கா என்பேன்.

சித்திரை பிறந்து சில நாளில் மலையில் மட்டும் ஒரு கோடை மழை பெய்தது. ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. மேற்கே மின்னியதைப் பார்த்ததோடு சரி. மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. ஓடையில் தண்ணீர் வந்திருக்கிறது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை, உடனே வாருங்கள் என்றார். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் நானும் கணவரோடு வண்டியில் போனேன்.

வழக்கமாக முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். அன்று ஓடையில் ஓடியது கறுப்பு. தார் டின்னைக் கழுவி ஊற்றியதுபோல் கெட்டியான கறுப்பு. ஓரங்களில் சாம்பல் நிற நுரை ஒதுங்கியிருந்தது. அக்காவின் மாடுகள் ஓடைக்கரைவரை வந்து, மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டுப் பின்வாங்கின. மதியத்துக்குள் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் கண்மாயில் போய் விழுந்தது. கெண்டையும் கெளுத்தியும் வயிறு தெரிய மிதந்தன.

கரையில் கூடியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எவனோ லாரியில் கழிவைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறான் என்றார் ஒருவர். விஷம் வைத்து மீன் பிடிக்கிற கூட்டத்தின் வேலை என்றார் இன்னொருவர். மேலே யார் யார் நிலம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். ஓடையில் எங்களுக்கு மேலே மலைதான். அதனால் எல்லோருடைய பார்வையும் ஒரு நொடி எங்கள் தோப்பின் பக்கம் போய்த் திரும்பியது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் பிசைந்துவிட்டு எழுந்துபோய்விட்டார். மறுநாள் தோப்புக்குப் போகவில்லை. ஊரில் இருந்தால் ஒரு நாள்கூடத் தோப்புக்குப் போகாமல் இருந்ததில்லை அவர். அதற்கும் மறுநாள், நான் அடுப்படியில் நின்றபோது வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"ஓடைத் தண்ணி கறுத்ததுக்கு நான்தான் காரணம்னு நெனைக்கேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மோட்டார் ரூமைக் காலி செய்தபோது, அவருடைய அப்பா காலத்துப் பூச்சி மருந்து டப்பாக்கள் ஒரு மூலையில் கிடந்தனவாம். லேபிள் எல்லாம் போய், என்ன மருந்து என்றே தெரியாத டப்பாக்கள். கூடவே மோட்டாரில் இருந்து வடித்த பழைய ஆயில் ஒரு கேன் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் ஓடைக்கரையில் ஒரு குழி தோண்டிப் புதைத்துவிட்டார். மழைத்தண்ணீர் கரையை அரித்து, கேனை உடைத்து, எல்லாம் கலந்துவிட்டது என்பது அவர் முடிவு.

"மீனெல்லாம் செத்துப்போச்சு. அந்த அக்கா மாடு குடிச்சிருந்தா என்னட்டி ஆயிருக்கும்?" என்றார்.

நான் அவரைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ஒரு கேன் ஆயில் அவ்வளவு பெரிய ஓடையைக் கறுப்பாக்குமா? எண்ணெய் என்றால் தண்ணீர் மேலே வானவில்போல் மினுங்குமே. நான் மினுக்கம் எதையும் பார்க்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டும் என்று பார்க்கவும் இல்லை. போய்த் தோண்டிப் பார்க்கலாம் என்றேன்.

மண்வெட்டியோடு போய், அவர் காட்டிய இடத்தில் தோண்ட ஆரம்பித்தோம். செத்த நேரத்தில் அக்கா வரப்பு வழியாக வந்துவிட்டார். என்ன தோண்டுகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லிவிட்டார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துருப்பிடித்திருந்தன, ஓட்டை இல்லை. ஆயில் கேன் மூடி இறுக்கியபடியே இருந்தது. தூக்கி ஆட்டினால் நிறைந்து குலுங்கியது. சுற்றியிருந்த மண் உலர்ந்து கிடந்தது. ஓடைத் தண்ணீர் அந்தக் குழியின் பக்கமே வரவில்லை.

என் கணவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தப்பித்தோம் என்ற ஆறுதல் அவர் முகத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது குழப்பம்தான். இரண்டு நாளாகக் குற்றவாளி என்று தன்னையே நிறுத்தி வைத்திருந்தவருக்கு, இப்போது எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அக்காதான் முதலில் பேசினார். "அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? நீங்க படிச்சவுக, சொல்லுங்க டீச்சர்."

எனக்குத் தெரியவில்லை என்றேன். அக்கா, தனக்கும் ஒன்றும் புரியவில்லை என்றும், யாராவது அதிகாரி வந்தால் காட்டலாம் என்று அன்றைய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அவர் நிலத்துக்குப் போய் அந்த வாளியைப் பார்த்தோம்.

வாளியில் தண்ணீர் தெளிந்திருந்தது. கறுப்பெல்லாம் அடியில் படிந்துவிட்டது. நான் மேல்தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு அடியில் கைவிட்டேன். விபூதியைவிட மென்மையான சேறு. விரல்களுக்கிடையில் தேய்த்தபோது ஏதோ நெருடியது. ஒரு சின்ன இலைத் துண்டு. நரம்புகள்கூட அப்படியே இருக்க, முழுக்கக் கரியாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பின் வாசம். வாளியை அக்காவிடம் நீட்டினேன். அவரும் முகர்ந்தார்.

"அடுப்புச் சாம்பல்லா இது" என்றார்.

மூன்று பேரும் மலையை நிமிர்ந்து பார்த்தோம். எங்கள் கண்ணுக்குப் பச்சையும் பழுப்புமான வழக்கமான மலைதான் தெரிந்தது. தீ எரிந்தது தெற்குச் சரிவில், அது அந்தப் பக்கம் அல்லவா என்றார் என் கணவர். மேலும் அது அணைந்தே வாரக்கணக்காகிறது. ஆனாலும் போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஓடையை ஒட்டி மேலே நடந்தோம். வனத்துறையின் எல்லைக் கல்லைத் தாண்டி நாங்கள் போக முடியாது. போக வேண்டியிருக்கவும் இல்லை. ஓடை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் நின்று பார்த்தாலே தெரிந்தது. கீழே எங்கள் தோப்பிலிருந்து பார்க்க முடியாத மடிப்புக்குள், சரிவு முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. தீ முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் இறங்கியிருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம், புறம்போக்கில் இருந்த புதர்கள்வரை கருகியிருந்தன.

அங்கே நடந்த ஒன்றைத்தான் என்னால் இன்றுவரை சரியாக ஜீரணிக்க முடியவில்லை. என் கணவர் பாட்டில் தண்ணீரைச் சாய்த்துக் கைகழுவினார். கீழே விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. சேம்பு இலைமேல் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்று, உருண்டு, சரிவில் ஓடியது. நான் பாட்டிலை வாங்கி வேறு இடத்தில் ஊற்றினேன். அங்கேயும் அப்படியே. அக்கா ஒரு குச்சியை எடுத்து மேல்மண்ணைக் கிளறினார். அவ்வளவு பெரிய மழை பெய்து சில நாளே ஆகியிருந்தது. ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே மண் தூசியாகப் பறந்தது.

"மண்ணு தண்ணியக் குடிக்க மாட்டேங்குதே" என்றார் அக்கா. அவர் குரலில் பயம் இருந்தது. ஓடைத் தண்ணீர் பார்க்கச் சகிக்கவில்லை என்று போன் செய்தபோதுகூட அந்தப் பயம் இல்லை.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினேன். இலைகளும் சருகும் எரியும்போது அவற்றிலிருக்கும் மெழுகு போன்ற பொருள் ஆவியாகி, மண்ணுக்குள் இறங்கிக் குளிர்ந்து, மண்துகள்களின் மேல் பூச்சாகப் படிந்துவிடுமாம். பிறகு அந்த மண் தண்ணீரை உள்ளே விடாதாம். மழை முழுக்க மேலேயே ஓடி, சாம்பலையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு வருமாம். படித்ததும் புரிந்ததுபோல் இருந்தது. அக்காவிடம் சொல்லும்போது மறுபடியும் குழம்பியது. மரம் எரிந்ததால் மண் மாறியது, மண் மாறியதால் தண்ணீர் மாறியது, தண்ணீர் மாறியதால் மீன் செத்தது. தீ பரவியது காற்றால். அந்தக் காற்றை ஏற்றியதும் இறக்கியதும் மலை. வாலைப் பிடித்து இழுத்தால் தலை வேறெங்கோ அசைந்தது.

இனிமேல் என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்ச் சரியாகிவிடும் என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. ஓடை கரை புரண்டு வந்தது. தண்ணீரோடு கல்லும் கட்டையும் கருகிய வேரும் உருண்டு வந்தன. அக்காவின் தாழ்ந்த நிலத்துக்குள் கரை உடைத்துப் புகுந்து, முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு வண்டலைக் கொட்டிவிட்டுப் போனது. முளைத்து நின்ற மக்காச்சோளம் அதற்குக் கீழே புதைந்துவிட்டது. நானும் கணவரும் போனபோது அவர் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் கிணறு வேறு விதமாக ஏமாற்றியது. மற்ற வருடங்களில் ஐப்பசி மழைக்குப் பிறகு ஓடை தை மாதம்வரை சிலுசிலுவென்று ஓடும். கிணறும் மெல்ல மெல்ல ஏறும். அந்த வருடம் மழை நின்ற சில நாளில் ஓடையும் நின்றுவிட்டது. கிணற்றில் தண்ணீர் படிக்கட்டின் பாதிகூட ஏறவில்லை. இவ்வளவு மழை பெய்தும் கிணறு நிறையவில்லையே என்று என் கணவர் தினமும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார். மலை குடித்து வைத்திருந்து கொடுத்தால்தானே நமக்கு வரும் என்று நான் சொல்வேன். சொல்லும்போதே சந்தேகமாக இருக்கும். மரங்கள் எரிந்துவிட்டதால் மரம் குடிக்கிற தண்ணீர் மிச்சம்தானே, அது எங்கே போனது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பள்ளியில் அந்தப் பாடம் வந்தது. நான்கு வட்டங்களையும் போட்டு, அந்த வருடம் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி அம்புக்குறி இழுத்தேன். நடுவில் தீயை எந்த வட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் ஆளுக்கொரு வட்டம் சொன்னார்கள். பலகை சிலந்திவலை மாதிரி ஆகிவிட்டது. பரீட்சைக்கு எதை எழுத வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். புத்தகத்தில் இருப்பதை எழுது என்றேன்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் தலைகீழாகியது. அக்கா மனம் தேறி, வண்டலின் மேலேயே மறுபடி மக்காச்சோளம் போட்டார். உரம் வாங்கவில்லை. அது ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தது. தட்டை ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமன். அந்த நிலத்தில் அப்படி ஒரு விளைச்சலை யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தையில் எங்கள் தோப்பும் பூத்தது. கிணறு இந்த நிலையில் இருக்கும்போது, இலை தெரியாத அளவுக்குப் பூத்தது. மண் காய்ந்தால்தான் மா நன்றாகப் பூக்கும் என்றார்கள். பூத்ததற்குச் சந்தோஷப்படுவதா, பிஞ்சு நிற்கத் தண்ணீர் இல்லையே என்று கவலைப்படுவதா என்று தெரியாமல் நானும் கணவரும் மரத்தடியில் நின்றோம்.

அக்கா ஒரு சாக்குப் பையில் கதிர்களோடு வந்தார். பையை என் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டவர்போல் நின்றார்.

"மலை எரிஞ்சதுல எனக்கு வெள்ளாமை, உங்களுக்குக் கெணறு வத்திப்போச்சு. இது என்ன கணக்குன்னு வெளங்கல டீச்சர். எங்க கெணத்துல இந்த வருசம் எம்புட்டோ தண்ணி கெடக்கு. ஒரு ஹோஸ் போட்டு எடுத்துக்கோங்க."

அவருடைய கிணற்றில் மட்டும் எப்படித் தண்ணீர் கிடக்கிறது என்று கேட்டேன். கண்மாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் இருக்கலாம் என்றார். வேகமாக ஓடிய தண்ணீரெல்லாம் கடைசியில் அங்கேதானே போய் நின்றது. இருக்கலாம் என்று நானும் தலையாட்டினேன். என் கணவர் அவரைக் கைகூப்பி வணங்கினார். பட்டாளத்துக்காரர் அப்படி வணங்கி நான் பார்த்ததில்லை. அக்கா பதறிப்போய், ஒரு ஹோசுக்குப் போய் என்ன இது என்று அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அந்த ஹோசில்தான் தோப்பு பிழைத்தது. பிஞ்சில் பாதி உதிர்ந்தது, பாதி நின்றது. முதலில் பறித்த பழங்களை அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். தோண்டியெடுத்த பூச்சி மருந்து டப்பாக்களை என்ன செய்வது என்று பல இடங்களில் விசாரித்தார் என் கணவர். ஒவ்வொரு இடத்திலும் வேறொரு இடத்தைக் கைகாட்டினார்கள். மறுபடி புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவை இன்னும் வெள்ளையடித்த மோட்டார் ரூமில், ஒரு ட்ரம்முக்குள் இருக்கின்றன.

எரிந்த சரிவில் இப்போது புல் முளைத்திருக்கிறது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று அவ்வப்போது ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறோம். ஓர் இடத்தில் உறிஞ்சுகிறது. இரண்டடி தள்ளி உருண்டு ஓடுகிறது. ஏன் என்று தெரியவில்லை.

சென்ற ஆனி மாதம், நான் பள்ளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் போன் செய்தார். கிணற்றில் ஒரு படி அளவுக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றார். ஊரில் மழையே இல்லையே என்றேன். இல்லைதான் என்றார். முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெய்துகொண்டிருக்கிறது, அந்தச் சாரல் கொஞ்சம் இங்கே தெறித்திருக்கலாம் என்றேன். ஒருவேளை போன வருட மழைதான் இப்போது மெல்ல வந்து சேர்கிறதோ என்று அவர் கேட்டார். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"சரி, எதுவா இருந்தா என்ன. எறச்சா மறுபடி ஊறுமான்னு தெரியல. மோட்டார இன்னைக்குப் போடவா, வேண்டாமா?"

அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே கிணற்றடியில்தான் நிற்கிறார், அவருக்கும் தெரியவில்லையாம் என்றார் என் கணவர்.